ஆறு மணி நேர வெளிச்சம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வறையில்
நிறம் சேர்ப்பது என் வேலை.
கையளவு துணியைக் காட்டினால் போதும்,
மஞ்சள் இத்தனை சொட்டு, நீலம் இத்தனை என்று
மூன்றாம் முக்கில் பிடித்துவிடுவேன்.
நொய்யல் பாலத்தில் நின்று
எல்லா நிறமும் பார்த்த கண்.
வீட்டுத் தொட்டியில் ஏறும் இந்தப் பச்சையை மட்டும்
எந்த அட்டையிலும் காணோம்.

முதலில் கண்ணாடி மூலையில் ஒரு பூச்சு.
பிறகு கூழாங்கல், பம்புக் குழாய்,
பிளாஸ்டிக் கோட்டையின் வாசல்.
பத்தாம் நாள் தண்ணீரே
கொத்தமல்லிச் சட்னி அலசிய கிண்ணம்.
நான்கு மோலியும் ஒரு ஏஞ்சலும்
உள்ளே இருப்பதாக ஒரு நம்பிக்கை.

காலாவதியான ஏடிஎம் அட்டையால் சுரண்டினேன்.
ஞாயிறுதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன்.
நல்லதண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருகிற தெருவில்
மீனுக்குக் குடம் குடமாக ஊற்றுகிறவனைக்
கீழ்வீட்டு நாச்சாள் பார்த்த பார்வை
சுரண்டினாலும் போகாது.

பாசி தின்னும் என்று ஒரு சக்கர் மீன் விட்டேன்.
முதல் வாரம் கண்ணாடியில் ஒட்டி மேய்ந்தது.
தீனியின் ருசி கண்டதும்
விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கணக்காக
மூலையில் சாய்ந்துகொண்டது.

கழித்துப் போட்ட லாட்டில் இருந்து
கறுப்புத் துணி நான்கு மீட்டர் கொண்டுவந்து
மூன்று நாள் போர்த்தி வைத்தேன்.
பாசி வெளுத்தது.
துணி எடுத்த ஐந்தாம் நாள்
முன்னைவிடச் செழிப்பாக வந்தது.

காங்கயம் ரோட்டு மீன்கடையில் அன்சாரி
வலையை உதறியபடியே கேட்டான்:
"லைட்டு எத்தனை மணி நேரமுங்ணா எரியுது?"
"எட்டு இருக்கும்."
பொய்.
பொழுதோட போட்டால் விடியக் கருக்கலில்தான் அணைப்பேன்.
"ஆறு போதுமுங்ணா. தீனி ஒரு சிட்டிகை, ஒரே நேரம்.
வெளிச்சமும் சோறும் மிஞ்சுச்சுன்னா
அதைத் திங்கறதுக்கு ஒண்ணு வந்துருமுங்க."

அவனிடம் எப்படிச் சொல்ல?
கப்பலுக்குச் சரக்கு போகிற மாதங்களில்
கோகிலாமணிக்குச் செக்கிங்கில் ஒன்றரை ஷிப்டு.
கம்பெனி வேன் முக்கில் இறக்கிவிடும்போது
ராத்திரி ஒன்றரை தாண்டும்.
இருட்டு வீட்டுக்குள் காலெடுத்து வைக்க
அவளுக்குப் பிடிக்காது.
டியூப்லைட்டைப் போட்டால் தன்ஷிகா எழுந்துகொள்வாள்.
தொட்டி வெளிச்சம்தான் தோது.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே
முழங்கால் உயரப் பெட்டியில் தொட்டி.
அந்தப் பக்கம் அவள் தட்டு,
இந்தப் பக்கம் என் பாய்.
பஞ்சு ஒட்டிய தலையோடு
ஒரு பச்சை நிழல் குனியும், நிமிரும்.
நான் தூங்குவதாக அதற்கு நினைப்பு.

டைமர் ஒன்று வாங்கினேன்.
இரவு எட்டுக்கு எரியும், இரண்டுக்கு அணையும்.
பள்ளிவிட்டு வந்தால் மீனெல்லாம் இருட்டில் என்று
தன்ஷிகா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
வேலம்பாசி நான்கு கொத்து நட்டேன்.
அதுவும் பாசிதான், பேரில்.
பங்காளிக்குப் பங்காளி
சோற்றுக்கு அடித்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் வாரம் பச்சை இறங்கியது.
முழுக்க அல்ல. வேறெங்கிருந்தோ
அதற்குத் தீனி வந்துகொண்டே இருந்தது.
மிச்சத்தை அட்டையால் வழித்தேன்.

நேற்று ராத்திரி ஒன்று ஐம்பது.
தட்டோடு உட்கார்ந்தவள்
முதலில் தீனி டப்பாவைத் திறந்தாள்.
இரண்டு விரலால் தூவினாள்.
பழகிய மீன்கள் மேலே வந்து நின்றன.
நிமிர்ந்தாள்.
ஏஞ்சலின் துடுப்புக்கு மேலே
தண்ணீருக்கு அந்தப் பக்கம்
என் கண்.

"முழிச்சுட்டா இருக்கறீங்க?"
"தெனமும் தீனி போடறயா?"

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள்.
"தனியா உண்ணறதுக்கு
என்னமோ மாதிரி இருக்குதுங்க."

டைமர் டொக்கென்றது.
பம்பு மட்டும் கொப்பளித்துக்கொண்டிருந்தது.
பெட்டியின் விளிம்பைப் பிடித்துச் சுற்றிப் போய்
தட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன்.
இருட்டில் கரண்டி தட்டுப்படும் சத்தம்.
"ரசம் இருக்குது, ஊத்தட்டுங்களா?"

"ஒரு சிட்டிகை" என்றேன்.